குதிரைக்கு ஐந்து

தீர்ப்பின் பதினோராம் பத்தியில்
ஒரு குதிரை நிற்கிறது.
ஹார்ஸ் சென்ஸ்.
மனுதாரருக்கு அது இம்மியும் இல்லை
என்கிறார் நீதிபதி.

மனுதாரர், காசிமேடு அற்புதமேரி.
மீன் ஏலம் கூறுபவர்.
வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு
சீட்டுக் கம்பெனியில் மூன்றரை லட்சம் விட்டவர்.
தமிழில்தான் படிப்பார்.
அந்தத் தமிழை நான் எழுத வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

அகராதிகளைக் கேட்டேன்.
இருநூறு வருடம் முன்பு
அமெரிக்கப் புழுதியில் பிறந்த சொல்லாம்,
படிக்காதவனுக்கும் பிழைக்கத் தெரியும் என்று பொருளாம்.
முன்னால் குதிரையை ஒட்டினால்
முரடு, நயமற்றது என்றுதான் அர்த்தம்,
பிராணிக்கு அதில் பங்கே கிடையாது
என்கிறது இன்னொன்று.
மூன்றாவதன்படி அது தரகனின் சாமர்த்தியம்:
உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து
வயதைச் சொல்லிவிடுவானாம்.
சீட்டுக் கம்பெனிக்காரனின் பல்லை
யார் பிடித்துப் பார்த்தார்கள்?

பொது அறிவு என்று போடலாமா?
அது பாரிமுனை நடைபாதையில் நாற்பது ரூபாய்.
மங்கோலியாவின் தலைநகர்,
தேனீக்கு எத்தனை கண்.
பொதுப்புத்தி?
தெருவே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.
பொதுப்புத்தி சொல்லித்தான் அவரும் போட்டார்.
பட்டறிவு, பட்ட பிறகு வருவது.
இப்போது அவரிடம் அது நிறைய இருக்கும்.
குதிரை அறிவு என்று அப்படியே எழுதினால்
திட்டுகிறார்கள் என்று நினைப்பார்.
நம் கணக்கு அப்படி:
புல்லுக்கு ஒன்று,
குதிரைக்கு ஐந்து,
நமக்கு ஆறு.
ஆங்கிலம் கடன் கேட்டுப் போன வீட்டில்
ஒன்றைக் குறைத்துவைத்திருக்கிறோம் நாம்.

புதன் ராத்திரி ஐஸ் ஹவுஸ் பக்கம்
முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை.
மெரினாவில் சவாரி முடித்த குதிரையொன்று
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
கழுத்தில் நனைந்த பிளாஸ்டிக் பூமாலை,
கயிற்றின் மறுமுனையில் மஸ்தான் என்றொருவர்.
திருப்பத்தில் குதிரை நின்றது.
தண்ணீர் எங்கும் ஒரே கறுப்பு, ஒரே சமம்.
அவர் கயிற்றை இழுக்கவில்லை,
தட்டவில்லை, ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை.
பின்னால் வந்த பைக் ஆரன் அடித்தது,
கைப்பேசியில் ஒரு பெண்குரல்
நேராகச் செல்லவும் என்றது.
நேராகச் சென்றான்.
முன்சக்கரம் முழுதாக உள்ளே போனது.

மூடியில்லாத வடிகால்.
நானும் மஸ்தானும் அவனைத் தூக்கிவிட்டோம்.
குதிரைக்கு எப்படித் தெரிந்தது என்றேன்.
"யாருக்குத் தெரியும் மேடம்.
அது நின்னா நாம நின்னுடணும்.
இன்னா ஏதுன்னு அப்பால பாத்துக்கலாம்."
குதிரை வாலைத் தூக்கிச் சாணி போட்டது,
வெள்ளத்தில்,
எந்தப் பெருமையும் இல்லாமல்.

வியாழக்கிழமை தட்டச்சு செய்தேன்:
நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் அறிவு.
பிரிவு அலுவலர் டெல்லிபாபு
சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.
"அஞ்சு வார்த்தை எதுக்கும்மா, ரெண்டு போதும்."
மேலே எழுதினார்: பொது அறிவு.
நான் வாயைத் திறக்கவில்லை.
பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது.
எந்த அறிவு அது, என்னை நிறுத்தியது?

அற்புதமேரியை நான் பார்த்ததில்லை.
விடியாத காசிமேட்டில்
கூடைக்குக் கூடை குனிந்து
செவுளை விரலால் தூக்கிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.
ஒரு நொடி.
நேற்றைய வஞ்சிரத்தைப் புறங்கையால் தள்ளுகிறார்.
விற்பவன் ஐஸை அள்ளிப்போட்டு என்னென்னவோ சொல்கிறான்.
அவர் அடுத்த கூடைக்குப் போயாயிற்று.

தபால் பதினொரு மணிக்கு வரும்.